வெள்ளிக்குப் போன கப்பல், வெள்ளாற்றங்கரை

லெனின்கிராடில் எடுத்த ஒரு விண்வெளிப் படத்தை வெட்டி ஒட்டி அமெரிக்காவில் இரண்டு படமாக விற்றார்கள். எடுத்தவரின் பெயர் அந்த இரண்டிலும் இல்லை. இந்தியா வெள்ளிக் கோளுக்குக் கலம் அனுப்பத் தயாராகும் இந்நேரத்தில் அந்தப் படத்தை ஒரு முறை எடுத்துப் பார்க்கலாம்.

1962 ஏப்ரலில் சோவியத் திரையரங்குகளுக்கு ஒரு படம் வந்தது. பெயர் 'பிளானெத்தா பூர்'. தமிழில் 'புயல்களின் கோள்' என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று விண்கப்பல்கள் வெள்ளிக் கோளுக்குப் போகிற கதை. அடுத்த மாதம், மே 1962-ல், நெய்வேலி அனல் மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. படத்தை எடுத்த நாடுதான் அந்த எந்திரத்தையும் செய்து அனுப்பியது.

வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியிலிருந்து விருத்தாசலம் வழியாக நெய்வேலிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டியபோது கிடைத்த கறுப்புப் பொருளில் தொடங்கி, 1957-ல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது வரைக்கும் இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு மனப்பாடம். மண்ணைத் தோண்டிய ராட்சத 'பக்கெட் வீல்' எந்திரங்கள் ஜெர்மனியில் செய்தவை. தோண்டி எடுத்த பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரமாக்கிய 600 மெகாவாட் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. அங்கே மேல்மண்ணில் கிடைத்த வெள்ளைக் களிமண்ணைக் கழுவிப் பிரிக்க ஓர் ஆலையும் வந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேர்விட்டதில் அந்த மண்ணுக்குப் பங்கு உண்டு. ஊறுகாய்ச் சாடி, ஃபியூஸ் கட்டை, கொலு பொம்மை என்று அந்த ஊர்ச் சூளைகளிலிருந்து வெளியே போகாத சாமான் இல்லை. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு பயிலகம் அங்கே இருக்கிறது. நெய்வேலியின் அந்த முதல் அனல் மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது.

எந்திரம் வந்ததுபோல புத்தகமும் வந்தது. 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளில் பள்ளி நோட்டுக்கு அட்டை போட்டவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வண்டி ஊருக்குள் நின்றால் டால்ஸ்டாயும் கார்க்கியும் பெரல்மானின் அறிவியல் நூல்களும் கையிலிருக்கும் சில்லறைக்குக் கிடைத்தன. சினிமா மட்டும் அந்த வண்டியில் ஏறவில்லை. ஐசன்ஸ்டைனையும் தார்க்கோவ்ஸ்கியையும் பார்க்க, திரைப்படச் சங்கம் இருக்கும் பெருநகரத்துக்குப் போக வேண்டும்.

இன்றைக்கும் சோவியத் விண்வெளிப் படம் ஒன்றின் பெயரைச் சொல்லச் சொன்னால், சினிமா ஆர்வலர்கள் யோசிக்காமல் சொல்வது தார்க்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' (1972). பெரிய படம், மறுப்பதற்கில்லை. ஆனால் தார்க்கோவ்ஸ்கிக்கு விண்வெளி ஒரு சாக்கு. அவர் பேச விரும்பியது குற்ற உணர்ச்சியையும் இறந்துபோன மனைவியையும் பற்றி. கப்பலுக்குள் காலை எங்கே ஊன்றுவது, எடையில்லாத இடத்தில் ஒரு மனிதன் எப்படித் திரும்புவான், நிலவின் தரையில் நிழல் எப்படி விழும் என்றெல்லாம் தூக்கம் கெட்டு யோசித்த மனிதர் வேறொருவர். 'புயல்களின் கோள்' படத்தின் இயக்குநர் பாவெல் கிளுஷாந்த்சேவ்.

கம்பியை மறைத்த உடம்பு

1910-ல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். கேமராவோடு தொழிலுக்கு வந்தவர். லெனின்கிராடில் அறிவியல் விளக்கப் படங்களுக்கென்றே இருந்த ஸ்டூடியோவில் வேலை. நட்சத்திர நடிகர்களும் பெரிய முதலீடும் எட்டிப் பார்க்காத இடம் அது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வானத்தைப் பற்றிச் சொல்லித்தருவதுதான் அங்கே அவருடைய வேலை. பிறகு குழந்தைகளுக்கு வானியல் புத்தகங்களும் எழுதினார்.

1957-ல் அவர் முடித்த 'விண்மீன்களுக்குப் பாதை' பாதி பாடம், பாதி கனவு. சியோல்கோவ்ஸ்கி என்ற காது கேளாத பள்ளி ஆசிரியர் ராக்கெட்டின் கணக்கைப் போட்ட கதையில் தொடங்கி, பூமியைச் சுற்றும் நிலையம், நிலவில் இறங்கும் மனிதர்கள் என்று போகும். அதே ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி ஸ்புட்னிக் மேலே போனது. படத்தில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். ககாரின் பறக்க இன்னும் மூன்றரை ஆண்டு இருந்தது. எடையின்மை எப்படியிருக்கும் என்று சொல்ல விண்வெளிக்குப் போய்வந்த மனிதர் உலகத்தில் ஒருவரும் இல்லாத காலம்.

அதை எப்படிக் காட்டுவது? நடிகரைக் கம்பியில் தொங்கவிடலாம் என்பது யாருக்கும் தோன்றும். பக்கத்திலிருந்து எடுத்தால் கம்பி தெரிந்துவிடும். கிளுஷாந்த்சேவ் நடிகரை மேலேயிருந்து தொங்கவிட்டார். கேமராவை அவருக்கு நேர் கீழே வைத்து அண்ணாந்து பார்க்கச் செய்தார். நடிகரின் உடம்பே கம்பியை மறைத்துக்கொண்டது. திரையில் பார்ப்பவருக்கு மேல், கீழ் எதுவும் பிடிபடாது. சுழலும் அரங்கு கட்டி, அதோடு கேமராவையும் சேர்த்துச் சுற்றவிட்டு, மனிதர்கள் சுவரில் ஏறி நடப்பதாகவும் காட்டினார். சூளை வாயை அடைத்தபின் கை வைக்க முடியாத பீங்கான் தொழிலாளியின் நிலைமைதான் அவருக்கும். எல்லாவற்றையும் படம் பிடிக்கும் முன்பே சரிபார்த்தாக வேண்டும். எடுத்து முடித்தபின் திருத்த அன்று கணினி கிடையாது.

பதினோரு ஆண்டு கழித்து ஸ்டான்லி குப்ரிக்கின் '2001' படம் வந்தது. விண்வெளி வீரர் மிதக்கும் காட்சிகளில் அங்கேயும் கேமரா கீழே, கம்பி மேலே. சுழலும் அரங்கும் உண்டு. குப்ரிக் இவரைப் பார்த்துத்தான் செய்தார் என்று வழக்காட எனக்கு விருப்பமில்லை. இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். குப்ரிக்கிடம் ஹாலிவுட் பணம் இருந்தது, அதை அவர் நன்றாகவே செலவழித்தார் என்பது தெரியும்.

மழை பெய்யும் வெள்ளி

'புயல்களின் கோள்' அவருடைய அடுத்த பெரிய பாய்ச்சல். அறிவியல் புனைகதை எழுத்தாளர் அலெக்சாந்தர் கசன்த்சேவோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார். சிரியஸ், வேகா, கபெல்லா என்று மூன்று கப்பல்கள் வெள்ளியை நோக்கிப் போகின்றன. வழியிலேயே விண்கல் மோதி கபெல்லா அழிகிறது. மாற்றுக் கப்பல் பூமியிலிருந்து வந்துசேர மாதக்கணக்காகும். மற்ற இரண்டு கப்பலிலும் இருப்பவர்கள் காத்திருக்க மறுத்து இறங்க முடிவு செய்கிறார்கள். ஒரு குழு ஜான் என்ற இரும்பு ரோபோவோடு முதலில் இறங்கித் தொடர்பை இழக்கிறது. அவர்களைத் தேடி இன்னொரு குழு இறங்குகிறது. வேகா கப்பலில் மாஷா என்ற பெண் மட்டும் தனியே கோளைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

கீழே படம் வேடிக்கைக்குத் தாவுகிறது. டைனோசர், ஆளை விழுங்கப் பார்க்கும் செடி, மேலேயிருந்து பாயும் சிறகுப் பல்லி எல்லாம் உண்டு. ரப்பர் என்பது தெரிகிறது, பரவாயில்லை. தரையைத் தொடாமல் மிதந்து ஓடும் வண்டி மட்டும் இன்றைக்கும் கண்ணை இழுக்கிறது. படத்தின் மூளை வேலை செய்வது எரிமலைக் காட்சியில். இரண்டு மனிதர்களைத் தோளில் சுமந்து ரோபோ நெருப்புக் குழம்பைக் கடக்கிறது. சூடு ஏறுகிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற கணக்கு அதற்குள் கண்விழிக்கிறது. சுமையைக் கீழே போட்டுவிட முடிவு செய்கிறது. மனிதர்கள் முந்திக்கொண்டு அதன் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். அந்த ரோபோவைச் செய்தவர் கெர்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது எடுத்த சோவியத் படத்தில், சோவியத் கப்பலில், ஓர் அமெரிக்கர் சக பயணியாக வருகிறார் என்பதையும் கவனியுங்கள்.

நடிகர்களில் கியோர்கி ஜ்ஜோனோவ் என்றொருவர். 1938-ல் ஸ்டாலின் ஆட்சியில் கைதாகி, முகாமிலும் நாடு கடத்தலிலும் பல ஆண்டுகளைத் தொலைத்துத் திரும்பியவர். தொலைதூரக் கோளில் மாட்டிக்கொண்டு சிரித்துப் பேசும் வீரராக அவர் வரும்போது, இதைத் தெரிந்து பார்ப்பவருக்குக் காட்சி வேறு மாதிரி இருக்கும்.

படத்தில் வெள்ளி முழுக்க மேகமும் மூடுபனியும் ஈரமும். அன்றைய அறிவியலில் அப்படியொரு ஊகம் இருந்தது: அடர்ந்த மேகம் மூடியிருப்பதால் கீழே சதுப்பு நிலம் இருக்கலாம், உயிர்களும் இருக்கலாம். வெள்ளியையும் மழையையும் முடிச்சுப் போடுவது நமக்கும் பழக்கம்தான். வெள்ளி தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்பது சங்கப் புலவர்களின் நம்பிக்கை. விடிவெள்ளி பார்த்து ஏர் கட்டியவர்கள் வெள்ளாற்றுப் பாசனத்தில் எத்தனையோ தலைமுறை.

படம் வந்த அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மாரினர் 2 வெள்ளியை உரசிப் போய், அங்கே கொதிக்கிறது என்று சொல்லிவிட்டது. 1970 டிசம்பரில் சோவியத்தின் வெனேரா 7 தரையில் இறங்கியது. ஈயம் உருகும் சூடு, பூமியில் இருப்பதைப்போலச் சுமார் 90 மடங்கு காற்றழுத்தம். மேகங்கள் கந்தக அமிலத்தால் ஆனவை. அவற்றிலிருந்து விழும் துளி தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிடும். 1982-ல் இறங்கிய வெனேரா 13 அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும் என்று திட்டமிட்ட கலம். 127 நிமிடம் உயிரோடிருந்து வண்ணப் படங்கள் அனுப்பியது. டைனோசரைக் கற்பனை செய்த நாடே அங்கே வெறும் பாறைதான் என்பதையும் கண்டு சொன்னது.

மாஷா அழலாமா?

படத்தில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது மாஷாதான். கீழே இறங்கியவர்களிடமிருந்து சத்தமில்லை. தன் கப்பலை இறக்கினால் ஒருவேளை அவர்களைக் காப்பாற்றலாம். இறக்கினால் யாரும் பூமிக்குத் திரும்பவே முடியாமல் போகலாம். என்ன செய்வதென்று தெரியாமல், எடையில்லாமல் மிதந்தபடி அவள் அழுகிறாள். க்யூன்னா இக்னாத்தொவா நடித்திருக்கிறார். ரப்பர் மிருகங்கள் நிறைந்த படத்தில் இந்தக் காட்சியில் ரப்பர் இல்லை.

பண்பாட்டு அமைச்சர் எகதெரீனா ஃபுர்த்சேவாவுக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை. சோவியத் விண்வெளி வீராங்கனை அழமாட்டாள் என்பது அவருடைய வாதம். கிளுஷாந்த்சேவ் பிற்பாடு நினைவுகூர்ந்த செய்தி இது. வேடிக்கை என்னவென்றால், படம் வந்தபோது உலகத்தில் எந்தப் பெண்ணும் விண்வெளிக்குப் போயிருக்கவில்லை. வலெந்தினா தெரெஷ்கோவா பறந்தது 1963 ஜூனில். பறக்காத பெண் எப்படி நடந்துகொள்வாள் என்று ஓர் அமைச்சருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

2020 ஜனவரியில் இஸ்ரோ 'வியோமித்ரா' என்ற பெண் உருவ ரோபோவைக் காட்டியது. ககன்யானில் மனிதர்கள் போவதற்கு முன்பு ஆளில்லாக் கலத்தில் பறக்கப்போவது அது. ஃபுர்த்சேவா கேட்ட அழாத பெண் இதுதான் போலும்.

பிறகு கிளுஷாந்த்சேவ் 'நிலா' (1965), 'செவ்வாய்' (1968) என்று படங்கள் எடுத்தார். அதோடு அவருக்கான கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. தன் நாட்டிலேயே மறந்துபோன மனிதரானார்.

வெட்டி ஒட்டிய கதை

படத்துக்குக் கிடைத்த அமெரிக்க வாழ்வு தனிக் கதை. குறைந்த செலவில் படம் தயாரிப்பதில் கில்லாடி ரோஜர் கார்மன், சில சோவியத் விண்வெளிப் படங்களின் உரிமையை வாங்கினார். விண்கப்பல், வேற்றுக் கோள், ரோபோ எல்லாம் தயாராக இருக்கின்றன. சில நாள் அமெரிக்க நடிகர்களை வைத்து இடைக்காட்சி எடுத்தால் புதுப் படம் ரெடி.

1965-ல் இயக்குநர் கர்டிஸ் ஹாரிங்டன் அப்படித்தான் செய்தார். மாஷாவின் இடத்தில் ஃபெய்த் டோமர்க் என்ற அமெரிக்க நடிகை வந்தார். ஷெர்லாக் ஹோம்ஸாகப் புகழ்பெற்ற பேசில் ராத்போன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி கட்டளையிட்டார். இயக்குநர் என்ற இடத்தில் ஹாரிங்டனின் சொந்தப் பெயர்கூட இல்லை, புனைபெயர்தான். 1968-ல் அதே காட்சிகளை எடுத்து பீட்டர் போக்டனோவிச், அவரும் புனைபெயரில், இன்னொரு படம் செய்தார். பின்னாளில் ஹாலிவுட்டின் மதிப்புக்குரிய இயக்குநரானவர் அவர். இந்த முறை கலிபோர்னியாக் கடற்கரையில் நடிகை மேமி வான் டோரனும் தோழிகளும் கிளிஞ்சல் கட்டிய உடையில் வெள்ளிக் கோளின் பெண்களாக வந்தார்கள். அவர்களுடைய தெய்வம் ஒரு சிறகுப் பல்லி. விண்வெளி வீரர்கள் அதைக் கொன்றுவிட, நெருப்புக் குழம்பில் விழுந்த ரோபோவைக் கண்டெடுத்து அதைப் புதுச் சாமியாக்கிக் கும்பிடுகிறார்கள். கிளுஷாந்த்சேவின் கதையில் இப்படியொரு திருப்பம் கனவிலும் கிடையாது. ஆனால் போக்டனோவிச் தெரியாமலே ஒரு நல்ல கிண்டல் செய்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இதற்கு முன்பே 1959-ல் கீவ் நகரில் எடுத்த 'வானம் அழைக்கிறது' படத்துக்கும் இதே கதி நேர்ந்தது. செவ்வாய்க்கு யார் முதலில் போவது என்று சோவியத்தும் அமெரிக்காவும் போட்டியிடும் கதை. கார்மனுக்காக அதை வெட்டி ஒட்டிய இளைஞர் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா, 'காட்ஃபாதர்' எடுத்த அதே கொப்போலா. அவர் கைபட்டதும் சோவியத்தும் அமெரிக்காவும் மறைந்து வட அரைக்கோளம், தென் அரைக்கோளம் என்றாயின. நடுவே இரண்டு பூதங்கள் சண்டையும் போட்டன. மூலப் படத்தின் முடிவில் ராக்கெட் ஒன்று கடல்மேல் மிதக்கும் மேடையில் செங்குத்தாக வந்து இறங்கும். 2016-ல் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் கடல் மேடையில் ராக்கெட்டை இறக்கிக் காட்டியபோது உலகம் கைதட்டியது. அந்தக் காட்சியை வரைந்தவர் யூரி ஷ்வெத்ஸ் என்ற கலை இயக்குநர். கைதட்டியவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கிளுஷாந்த்சேவின் பெயரை மறக்காதவரும் அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். 'ஏலியன்ஸ்', 'டெர்மினேட்டர் 2' படங்களின் காட்சி உத்திகளுக்காக ஆஸ்கர் வாங்கிய ராபர்ட் ஸ்கோட்டாக். சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அவர் ரஷ்யாவுக்கே போய், வயதான கிளுஷாந்த்சேவைச் சந்தித்தார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைத் தேடிப் போன பயணம் அது. 1999-ல் கிளுஷாந்த்சேவ் காலமானார்.

நம் ஊர்ப் பறக்கும் தட்டு

1963-ல், 'புயல்களின் கோள்' வெளியாகி ஒரு வருடம் கழித்து, தமிழிலும் வேற்றுக் கோள் படம் வந்தது. ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'. எம்.ஜி.ஆர்., பானுமதி, நம்பியார். வேற்றுக் கோளிலிருந்து நம்பியார் இறங்கிவருகிறார். நோக்கம் நம் தங்கமோ நிலமோ கிடையாது. அவர்கள் கோளில் சங்கீதம் வளரவில்லை. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அபாரமான கற்பனை. உலகத்தின் வேறு மொழிகளில் வேற்றுக் கோள்காரர்கள் ஆயுதத்தோடு வந்துகொண்டிருந்த காலத்தில், நம்மாட்கள் பாட்டு வாத்தியாரைத் தேடி வரவைத்தார்கள்.

லெனின்கிராடின் கனவில் மனிதர்கள் கிளம்பிப் போகிறார்கள், பழுதுபார்க்கிறார்கள், வேலை செய்கிறார்கள். நம் கனவில் வேற்றுக் கோள்காரர்கள் இங்கே வருகிறார்கள். 2024-ல் வந்த 'அயலான்' வரைக்கும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. 2018-ன் 'டிக் டிக் டிக்' மட்டும் துணிந்து மேலே போனது. போனாலும் கப்பல் எப்படி ஓடுகிறது என்பதைவிட நாயகன் எப்படி ஓடுகிறார் என்பதில்தான் அதன் கண் இருந்தது. ராக்கெட் என்ஜினை மகேந்திரகிரியில் சோதிக்கும் மாநிலத்தின் சினிமாவுக்குக் கப்பலின் உள்ளே ஒரு ஸ்குரூ எப்படிக் கழன்று மிதக்கும் என்ற ஆர்வம் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

ஆர்வம் வர இப்போது காரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை வெள்ளிக் கோளைச் சுற்றிவரும் கலத்துக்கு 1,236 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்தது. 2028 மார்ச்சில் ஏவுவது திட்டம். ககன்யானுக்குத் தேர்வாகி ரஷ்யாவின் ககாரின் பயிற்சி மையத்தில் பயின்றவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். 1984-ல் ராகேஷ் சர்மா பறந்ததும் சோவியத்தின் சோயூஸில்தான்.

திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு யோசனை. ஸ்மார்ட் வகுப்பறைத் திரை பல பள்ளிகளில் இருக்கிறது. கிளுஷாந்த்சேவின் இந்த இரண்டு படங்களையும் இணையத்தில் பார்க்கலாம். 'புயல்களின் கோள்' கொஞ்சம் பெரியது. 'விண்மீன்களுக்குப் பாதை' சுமார் ஐம்பது நிமிடம்தான். பேச்சு ரஷ்ய மொழியில் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஊமைப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னதுண்டு. அறிவியல் ஆசிரியர் அந்த வேலையைச் செய்யலாம். மிதக்கும் காட்சி வரும்போது படத்தை நிறுத்தி, கம்பி எங்கே என்று கேளுங்கள். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வார்கள், நேரம் போவது தெரியாது. மணி அடித்துவிட்டால் அடுத்த பாடவேளையின் கணக்கு ஆசிரியரிடம் பத்து நிமிடம் கடன் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.